பச்சைப் புழு அளந்த மடைப் பலகை

அளவுகோல் என்று ஒன்று இல்லாத அந்தக் காலத்தில், தச்சர்களுக்கு ஒரு பச்சைப் புழுதான் அளவு. மனிதரும் புழுவும் பேசிக்கொண்ட காலம் அது. புழு மற்றப் புழுக்களைப் போல உடம்பை நீட்டித் தரையோடு ஊரும். எத்தனை உடம்பு ஆயிற்று என்று எண்ணிச் சொல்லும்.

ஓர் ஐப்பசி மழையில் ஏரியின் மடைப் பலகை உடைந்து, தண்ணீர் வயல்களுக்குள் பாய்ந்தது. மடைக்காரர் பெரியாண்டி, மாடக்கண்ணு ஆசாரியிடம் ஓடிவந்தார். புழு மடையின் மேல்கல்லில் ஊர்ந்து, "பதினான்கு உடம்பு" என்றது. பட்டறை வேப்பமரத்தடியில் இருந்தது. அங்கே அறுக்க வைத்திருந்த மரத்திலும் புழு பதினான்கு உடம்பு அளந்தது. ஆசாரி அறுத்தார்.

மடையில் வைத்தால் பலகை நாலு விரல் குறைந்தது. தண்ணீர் அதை அடித்துக்கொண்டு போக, பெரியாண்டி நீந்திப் பிடித்து வந்தார்.

"கல் விலகிப் போச்சா?" என்றார் ஆசாரி.

புழு மறுபடி அளந்தது. மடை பதினான்கு. பலகை பன்னிரண்டரை. பட்டறைக்குக் கொண்டுபோய் அளந்தால் அதே பலகை பதினான்கு.

"இங்கே வளருது, அங்கே சுருங்குது. இது என்ன மரம் ஆசாரியாரே?" என்றார் பெரியாண்டி. ஆசாரி இன்னொரு பலகை அறுத்தார். அதுவும் குறைந்தது. இதற்குள் கீழ்வயல் முழுதும் மூழ்கிவிட்டது.

ஆசாரியின் மனைவி உலகம்மை, பட்டறையில் புழு அளப்பதையே பார்த்துக்கொண்டு நின்றாள். வேப்பமரத்தில் மைனா கத்தும்போதெல்லாம் புழு ஒடுங்கியது.

"பயந்தா நீ குட்டையாயிடுறியே" என்றாள்.

"அப்படியா? எனக்குத் தெரியாதே அம்மா. அப்போ நான் எவ்வளவு நீளம்?" என்றது புழு.

அதை யாராலும் சொல்ல முடியவில்லை. உலகம்மை ஒரு மூங்கிலை எடுத்துப்போய், மடைக்கு மேலே கிடத்தி, சரியாக அந்த அளவுக்கு நறுக்கிவந்தாள். ஆசாரி அதை மரத்தின் மேல் வைத்து, அதே நீளத்துக்குப் பலகை அறுத்தார். பலகை மடையில் இறுக உட்கார்ந்தது, தண்ணீர் நின்றது. மேல்வயல் தப்பியது.

"உன்மேல் தப்பில்லை" என்று ஆசாரி சொன்னார். புழு வேப்பமரத்தில் ஏறிப் போய்விட்டது.

அன்று முதல்தான் தச்சர்கள் கையில் கோல் இருக்கிறது. அந்தப் புழுவோ ஒவ்வோர் அடிக்கும் முதுகை வளைத்து, வாலைத் தலையருகே கொண்டுவந்து, மறுபடி நீட்டி, தன் நீளம் எவ்வளவு என்று இன்னும் அளந்துகொண்டே போகிறது.