செங்கோடனோட திருகாணிப் பல்லு

கண்ணை மூடிக்கிட்டே கேளு, அத்தை சொல்றேன். நாமக்கல் பக்கத்துல ஒரு ஊர்ல ஒரு லாரி டிரைவர் இருந்தாரு, பேரு செங்கோடன். அவரு பொண்டாட்டி பாவாயி. ம் சொல்லு. ம்.

ஒருநாள் டயர் மாத்தும்போது ஜாக்கிக் கம்பி துள்ளி, டொக்குன்னு வாயில அடிச்சு, முன்பல்லு ஒண்ணு போயிடுச்சு. அப்புறம் பல் டாக்டரம்மா தாடை எலும்புல குட்டித் திருகாணி ஒண்ணை வச்சு, சில மாசம் கழிச்சு அது மேல வெள்ளையா ஒரு பல்லை மாட்டி விட்டாங்க.

அப்போ அவருக்கு ஒரு கவலை. லாரியில திருகாணி நனைஞ்சா துருப்பிடிக்குது. வாய்க்குள்ள எப்பவும் ஈரம்தானே? யாரையும் கேக்கல. முதல்ல உமிக்கரியை வச்சு சரக் சரக்குனு தேய்ச்சாரு. ஈறு செவந்துச்சு. அப்புறம் ஊக்கை எடுத்து இடுக்குல கறுக் கறுக்குனு சுரண்டினாரு. ரத்தம் வந்துச்சு. துருதான் செவப்பா வருதுன்னு நெனச்சாரு, பாவம். மூணாவதா, லாரி பேட்டரி தேய்க்கிற கம்பி பிரஷ்ஷோட கண்ணாடி முன்னால போய் நின்னாரு.

பாவாயி கையைப் பிடிச்சுட்டா. "ஏனுங்க, என்ன பண்றீங்க?"

"துரு எடுக்கறேன் புள்ள."

அவரு உதட்டை மெதுவா விலக்கிப் பாத்தா. ஈறு பொதபொதன்னு வீங்கியிருந்துச்சு. கம்பி பிரஷ்ஷை வாங்கி ஓரமா வச்சா. ஒண்ணும் திட்டல. "கெளம்புங்க, டாக்டரம்மாகிட்ட போலாம்"னா.

பாவாயி நடந்ததை எல்லாம் சொன்னா. டாக்டரம்மா எக்ஸ்ரே படம் எடுத்துப் பாத்தாங்க. "நல்லவேளை, எலும்பு கெட்டியா இருக்கு. இன்னும் விட்டிருந்தா எலும்பு கரைஞ்சு பல்லே ஆடியிருக்கும். இந்தத் திருகாணி துருப்பிடிக்காதுங்க. ஆனா கம்பி பட்டா கீறல் விழும், கீறல்ல கிருமி தங்கிக்கும்."

"நல்லா அழுத்திச் சுரண்டி விடுங்கம்மா, நான் பல்லைக் கடிச்சுக்கறேன்."

"பல்லைக் கடிச்சா நான் எப்படிங்க சுத்தம் பண்றது?"

அப்புறம் மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் குச்சியால குறுகுறுன்னு அழுக்கை எடுத்தாங்க. அப்புறம் மாவு மாதிரி ஒரு பொடியைத் தண்ணியோட சேத்து, புஸ்ஸ்ஸுன்னு பீச்சி விட்டாங்க. அவ்ளோ பெரிய மனுஷன் பாவாயியோட ஒத்த விரலைப் பிடிச்சுக்கிட்டே படுத்திருந்தாரு.

"வலிக்குதுங்களா?"

"இல்ல புள்ள. நீ கையை எடுத்துடாத."

மூணு வாரத்துல ஈறு ஆறிடுச்சு. இப்போ மெத்து மெத்துன்னு இருக்கிற பிரஷ்தான். அவரு எந்த ஊருக்கு லாரி ஓட்டிட்டுப் போனாலும் சாயங்காலம் வீடியோல கூப்பிடுவாரு. பாவாயி, "வாயைத் திறங்க"ம்பா. அவரு "ஆ"ன்னு காட்டுவாரு.

ஒருநாள் நாக்பூர்ல ஒரு டீக்கடை வாசல்ல நின்னு காட்டிக்கிட்டு இருந்தாரா, போன்ல படம் அப்படியே நின்னு போச்சு. போற வர்றவங்க எல்லாம் ஒரு மாதிரி பாக்கறாங்க. அவரு வாயை மூடவே இல்ல. பாவாயி இன்னும் பாத்து முடிக்கலையே.

அப்புறம் படம் வந்துச்சு. "நல்லா இருக்குங்க, மூடிக்கங்க"ன்னா.

மூடிக்கிட்டாரு. நீயும் கண்ணைத் திறக்காத கண்ணு. கதையும் படுத்துடுச்சு, தூங்கு.