அரைத்த அப்பளம்

"எல்லாத்தையும் மாத்தித்தான் குடுக்குது. அப்புறமும் ஏம்மா சுத்துது?" என்று கேட்டார் குஞ்சிதபாதம்.

கேட்டவர் மாமனார். கேட்கப்பட்டவள் மருமகள் தேன்மொழி. உறையூரில் அந்த ஒரு வீட்டில் மருமகள்தான் குரு, மாமனார்தான் சீடர். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். அவளுக்குக் கம்ப்யூட்டர் தெரியும், அவருக்குக் கற்றுக்கொள்ள ஆசை, அவ்வளவுதான்.

சுற்றுவது டிவித் திரையில் வருகிற வட்டம்.

கூடத்து அலமாரியில் ஒரு சின்ன சர்வர் பெட்டி இருக்கிறது. பழைய பாட்டு, திருவிழா, கல்யாணம் என்று வீட்டு வீடியோ எல்லாம் அதற்குள்தான். எந்த அறை டிவியில் கேட்டாலும் அனுப்பிவைக்கும். வீடியோவில் பல வகை உண்டு. சில வகை சில டிவிக்குப் புரியாது. அப்போது பெட்டியே அதை வேறு வகையாக மாற்றி அனுப்பும். எதை எதை மாற்ற வேண்டும் என்று நாம்தான் டிக் போட்டுச் சொல்ல வேண்டும்.

குஞ்சிதபாதம் எல்லாவற்றுக்கும் டிக் போட்டிருந்தார்.

"அக்கா ரூம் டிவி பழசும்மா. பாவம், அதுக்கு என்ன புரியும்?"

அக்கா என்றது விசாலத்தை. ஒரே மகனுக்குக் கனடாவில் கல்யாணம். டிக்கெட் எடுத்தாயிற்று, பட்டுப்புடவைக்கு ஃபால்ஸ் தைத்தாயிற்று. பாத்ரூமில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்தது. விமானம் போனது, அவள் போகவில்லை. தம்பி வீட்டுப் பின்னறையில் கட்டிலோடு கிடக்கிறாள்.

கல்யாண வீடியோ வந்தது. மேளம் வரைக்கும் ஓடும். மகன் தாலியைக் கையில் எடுப்பான். வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். அதோடு சரி. முதலிலிருந்து போட்டாலும் மறுபடி அதே இடம்தான்.

போனில் காட்டினார்கள். "எறும்பு மாதிரி தெரியறாங்கடா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

நேற்று மகன் கேட்டான். "தாலி கட்டுனதப் பாத்தியாம்மா?"

"பாத்தேன்பா. கண்ணு நெறஞ்சுபோச்சு."

போனை வைத்ததும் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சோறும் பாதி மிச்சம்.

குஞ்சிதபாதத்துக்கு அதுதான் தாங்கவில்லை. அக்கா விழுந்த நாளிலிருந்து அவளுக்கென்று சோற்றைக் குழையக் குழையப் பிசைந்து, காயை மசித்து, ஊட்டாத குறையாகக் கொடுக்கிற மனிதர். அப்படியும் மிச்சம் வைக்கிறாள் என்றால் மனசு விட்டுப்போய்விட்டது என்றுதானே அர்த்தம்.

"நீயே சரி பண்ணிக் குடுத்துரும்மா."

"கத்துக்கணும்னு சொன்னீங்களே மாமா."

"புத்தி கெட்டுப்போய்ச் சொல்லிட்டேன். பெட்டியில கை வச்சா சுடுது. பயமா இருக்கு."

"சாப்புட்டுப் பேசலாம்" என்று அவள் சமையலறைக்குப் போனாள்.

சாப்பாடு வரவில்லை. மிக்சி ஓடியது. நின்றது. மறுபடி ஓடியது. குஞ்சிதபாதம் பசி பொறுக்க மாட்டார். இரண்டு தரம் கனைத்துப் பார்த்தார்.

ஒருவழியாகத் தட்டு வந்தது. தட்டு நிறையக் கூழ், நிறத்துக்கு ஒன்றாக.

"இது என்னம்மா?"

"சோறு. அரைச்சது."

"இது?"

"வாழைக்காய் வறுவல். அரைச்சது."

"பழுப்பா இருக்கே, இது?"

"அப்பளம்."

அவள் முகத்தைப் பார்த்தார். விளையாடுகிற முகமாகத் தெரியவில்லை.

"அப்பளத்தப் போயி யாராவது அரைப்பாங்களா?"

"எது உங்களால மெல்ல முடியும், எது முடியாதுன்னு எனக்கென்ன தெரியும் மாமா? வயசானவரு, பாவம். எல்லாத்தையும் போட்டு ஓட்டிட்டேன். நடுவுல மிக்சி சூடாகி நின்னுபோச்சு. அதான் லேட்டு."

"துவையல மட்டும் அரைச்சாப் பத்தாதா? மத்ததுக்கெல்லாம் எனக்குப் பல்லு இருக்கேம்மா."

தேன்மொழி உள்ளே போய் லேப்டாப்பை எடுத்துவந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். திரையில் வரிசையாக அவர் போட்ட டிக்.

குஞ்சிதபாதம் டிக்கைப் பார்த்தார். அப்பளத்தைப் பார்த்தார்.

"அந்த டிவிக்கு எது முடியும்னு எப்படிம்மா தெரிஞ்சுக்கறது?"

"குடுத்துப் பாத்தீங்களா?"

கொடுத்துப் பார்த்ததே இல்லை.

சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டுக் கை கழுவினார். எல்லா டிக்கையும் எடுத்தார். பின்னறைக்குப் போய் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். பழைய பாட்டு ஓடியது. திருவிழா ஓடியது. சொந்தக்காரப் பெண் ஒருத்தி தன் புதுப் போனில் எடுத்து அனுப்பியது மட்டும் கறுப்பாக நின்றது. அந்த வகைக்கு மட்டும் டிக் போட்டார். அதுவும் ஓடியது.

அடுத்தது கல்யாண வீடியோ.

"வேணாம்டா" என்றாள் விசாலம். "அந்த எடத்துல போயி நிக்கும். எனக்கு நெஞ்ச அடைக்குது."

"ஒரே ஒரு தரம்க்கா."

மேளம் கொட்டியது. மகன் தாலியைக் கையில் எடுத்தான். குஞ்சிதபாதம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

வட்டம் வரவில்லை.

மகன் குனிந்தான். முடிச்சுப் போட்டான். அட்சதை விழுந்தது. அந்தப் பெண் தலை நிமிர்ந்து சிரித்தாள்.

விசாலம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

"மறுபடி போடுடா. மூணாவது முடிச்சு யாரு போட்டான்னு பாக்கணும்."

போட்டார். பார்த்தாள். இன்னொரு தரமும் பார்த்தாள்.

"ராத்திரி அவன் கூப்புடட்டும்" என்றாள். "இனிமே பொய் சொல்ல வேண்டியதில்ல."

குஞ்சிதபாதம் கூடத்துக்குப் போய்ப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். சுடவில்லை. அப்பாடா என்று இருந்தது. தன் பசிகூட மறந்துபோயிற்று.

அந்தச் சந்தோஷத்தில் நேரே சமையலறைக்குப் போனார். அரைக்காத சோறும் வறுவலும் மூடியபடி இருந்தன. அக்காவுக்கென்று சோற்றைக் குழையப் பிசைந்தார். வறுவலைக் கரண்டியால் நசுக்கிச் சேர்த்தார். தேன்மொழி அப்பளம் பொரித்துக்கொண்டே பார்த்தாள். பொரித்த அப்பளத்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய் வாசற்படியில் நின்றாள்.

குஞ்சிதபாதம் கிண்ணத்தை நீட்டினார்.

விசாலம் கிண்ணத்தைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள்.

"ஏன்டா, எனக்கு முறிஞ்சது இடுப்புதானே? அவ கையில இருக்கற அப்பளத்தக் குடு."