நேர்ந்துவிட்ட கோழி

"சாமிக்கு நேர்ந்துவிட்ட கோழி, நாள் வர்றதுக்கு முன்னாடியே செத்துப்போச்சுன்னா சாமி என்னுங்கம்மா செய்யும்?"

கேட்டவர் பொங்கியண்ணன். அறுபது வயது தாண்டியவர். அவர் கக்கத்தில் ஒரு கறுப்புக் கோழி இருந்தது.

பதில் சொல்ல வேண்டியவர், பாறைமேட்டுக் கல்மண்டபத்தில் தனியாக இருக்கும் ஒரு துறவி. அவருக்கு நாற்பதுகூட ஆகியிருக்காது. ஆனாலும் பொங்கியண்ணன் உட்பட அந்த வட்டாரமே அவரை அம்மா என்றுதான் கூப்பிட்டது.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"செத்துருச்சுங்களா?"

"இன்னும் இல்லீங்க."

"அப்புறம் ஏங்கண்ணா சாமியைப் பத்திக் கேக்கறீங்க? கோழியைப் பத்திக் கேளுங்க."

பொங்கியண்ணன் கவலைப்படுவதில் கெட்டிக்காரர். கவலைப்பட ஒன்றும் அகப்படாத நாளில், ஏன் ஒன்றும் அகப்படவில்லை என்று கவலைப்படுவார். பல வருடமாக அம்மாவிடம் வந்து உட்கார்ந்து மனசை அடக்க வழி கேட்கிறார். அம்மாவும் ஏதாவது சொல்வார். வீடு போய்ச் சேர்வதற்குள், சொன்னதைச் சரியாகப் புரிந்துகொண்டோமா என்ற கவலை பிடித்துக்கொள்ளும்.

இந்தத் தடவை அவரைக் கேலி செய்ய எனக்கு மனசு வரவில்லை. மனுஷன் அந்தக் கோழியை எங்கேயும் கீழே விடாமல் பாறைமேடு முழுக்க ஏறி வந்திருந்தார்.

விஷயம் இதுதான். அவர் மனைவி பாவாயி டைபாய்டு காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தபோது, அவர் வீட்டுக்கு ஓடி வந்து, வாசலில் மேய்ந்துகொண்டிருந்த இந்தக் கோழியைக் காட்டி வேண்டிக்கொண்டார். "கருப்பராயா, அவளை எழுப்பி உக்கார வெச்சுரு. இதையே உனக்குத் தர்றேன்."

பாவாயி எழுந்து உட்கார்ந்தாள். வீட்டுக்கும் வந்துவிட்டாள்.

ஒரு கோழி தருகிறேன் என்று வேண்டியிருந்தால் எந்தக் கோழியையும் கொடுத்துவிடலாம். இவர் இதையே என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். இனி மாற்ற முடியாது. நோய் பிடித்த கோழியாகவும் இருக்கக் கூடாது. திருவிழா அன்று கோயில் முன்னால் நிறுத்தி அதன்மேல் தண்ணீர் தெளிப்பார்கள். கோழி உடம்பைச் சிலிர்த்துத் துளுக்க வேண்டும். துளுக்கினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு அது கொடுத்தவருடையது இல்லை. துளுக்காவிட்டால், சாமி வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

"கோழியை வேண்டாம்னுட்டா, பாவாயியைத் திருப்பி எடுத்துக்குமுங்கம்மா," என்றார் பொங்கியண்ணன்.

அம்மா கீரையை ஒதுக்கிவிட்டுக் கோழியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கழுத்துக்குக் கீழே விரலால் தடவினார். கோழி தின்பதெல்லாம் முதலில் போய்த் தங்கும் தீனிப்பை அங்கேதான் இருக்கிறது. அது ஒரு பந்து அளவுக்குப் புடைத்திருந்தது.

"எப்பத்திலிருந்துங்க?"

"முந்தாநாளிலிருந்துங்க. கழுத்தைக் கழுத்தை வளைக்குது. தீனியைக் கண்டா மூஞ்சியைத் திருப்பிக்குது."

"நீங்க என்ன குடுத்தீங்க?"

"மொதல்ல பூண்டு உரிச்சுக் குடுத்தனுங்க. அப்புறம் சின்ன வெங்காயம், மிளகு. எதுத்த வீட்டுல சொன்னாங்கன்னு வெத்தலை. உடம்புல தெம்பு வேணுமில்லீங்களா? அதுக்கு நெய்ச்சோறு உருட்டி, வாயைத் தொறந்து உள்ள தள்ளுனேன்."

"அதுக்கு முன்னாடி?"

பொங்கியண்ணன் கோழியின் காலைக் காட்டினார். மஞ்சள் துணி கட்டியிருந்தது.

"சாமி கோழிங்களே. யாருங்க வெரட்டுவாங்க? கம்பு காயப்போட்ட பாய் மேல ஏறி மேயும், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. போறவங்க வர்றவங்கெல்லாம் புண்ணியம்னு ஆளுக்கொரு கைப்பிடி போட்டுட்டுப் போவாங்க."

அம்மா அவருடைய விரலைப் பிடித்துத் தீனிப்பையின் மேல் வைத்தார்.

"எப்படி இருக்குது?"

"கல்லு மாதிரி இருக்குதுங்க."

"கல்லில்லீங்கண்ணா. எல்லாம் புண்ணியம்."

பொங்கியண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. கோழியின் இரண்டு காலையும் பிடித்தார்.

"தலைகீழாப் புடிச்சு உதறுனா வந்துருமுங்களா?"

"மூச்சுக்குழல்ல போயி அடைச்சுக்கும். அப்புறம் உங்க கேள்விக்கு உடனே பதில் தெரிஞ்சுரும்."

அவர் கையை எடுத்துவிட்டார்.

அம்மா ஒரு சொட்டு நல்லெண்ணெயைக் கோழியின் அலகு ஓரத்தில் வைத்தார். அதுவாக விழுங்கும்வரை காத்திருந்தார். பிறகு இன்னொரு சொட்டு. பிறகு ஒரு கொட்டாங்கச்சியில் தண்ணீர் வைத்தார்.

"மெதுவா நீவி விடுங்க. பெசையாதீங்க, அமுக்காதீங்க. கட்டி தானா எளகோணும்."

"தீனிங்க?"

"இல்லை."

"சாயங்காலம் குடுக்கலாமுங்களா?"

"ராத்திரி அடைஞ்ச கோழிக்குக் காலையில இந்தப் பை காலியா இருக்கோணும். காலியாகற வரைக்கும் தீனி இல்லை."

"பட்டினியாப் போட்டா செத்துருமுங்கம்மா."

அம்மா கோழியை அவர் மடிக்கு மாற்றினார். கீரையை எடுத்துக்கொண்டார்.

"அக்கா எப்படி இருக்காங்க?"

"இருக்காளுங்க. காய்ச்சல் இல்லை. ஆனா வாயில ஒண்ணும் எறங்க மாட்டேங்குது. நான் விடுவேனுங்களா? கண்ணு முழிச்சா கஞ்சி. அது எறங்கறதுக்குள்ள சத்துமாவு. அப்புறம் சூப்பு. போதும்னு வாயை மூடிக்குவா. கன்னத்தைப் புடிச்சாவது ஊட்டிருவேன்."

அம்மா அவரைப் பார்த்தார். அவர் கையில் இருந்த கோழியைப் பார்த்தார்.

"நீங்க இங்கயே இருங்கண்ணா. கோழிக்கு உங்க கைதான் பழக்கம்."

"அப்ப அவளுக்கு யாருங்க ஊட்டறது?"

"சொல்லி அனுப்பிக்கலாம்," என்றார் அம்மா. பால் கொண்டு வந்தவர் கீழே இறங்கும்போது பாவாயியிடம் தகவல் சொல்லச் சொன்னார். ஊட்ட ஆள் அனுப்பச் சொல்லவில்லை.

பொங்கியண்ணன் நீவினார். வீட்டை நினைத்துக்கொண்டு நீவினார். பொழுது சாயும்போது கட்டி கொஞ்சம் இளகியிருந்தது.

அம்மா தண்ணீர் எடுக்கச் சுனைக்குப் போனார். பொங்கியண்ணனும் கோழியும் மட்டும் இருந்தார்கள். கோழி கண்ணை மூடிக்கொண்டிருந்தது. தூங்குகிறதா, மயங்கிவிட்டதா என்று அவருக்குத் தெரியவில்லை. காலையிலிருந்து ஒரு பருக்கை உள்ளே போகவில்லையே என்று நினைத்தார். அந்த நினைப்பு வந்ததும் அவர் கை சும்மா இருக்கவில்லை. வேட்டி மடியில் நொய்யரிசி முடிந்து வைத்திருந்தார்.

கோழி அலகைத் திறக்கவில்லை. அவர் திறந்தார்.

மறுநாள் காலை தீனிப்பை பழையபடி கெட்டிப்பட்டிருந்தது. கோழியின் தலை தொங்கியது. மூச்சு விடும்போது கரகரவென்று சத்தம் கேட்டது.

அம்மா தொட்டுப் பார்த்தார். அவர் கோபப்பட்டிருந்தால்கூடப் பொங்கியண்ணனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"நேத்து சாயங்காலம் யாருக்குங்கண்ணா பசிச்சுது?"

பொங்கியண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

"கோழிக்குப் பசிச்சுதுங்களா?"

"இல்லீங்க."

"உங்களுக்கா?"

"இல்லீங்கம்மா."

"அப்ப அந்த நொய்யை யாருக்குப் போட்டீங்க?"

அவர் அழுதுவிட்டார். அறுபது வயது ஆள் ஒரு கோழியை வைத்துக்கொண்டு அழுதார்.

"என்ற பயத்துக்குப் போட்டனுங்க."

"தின்னுச்சுங்களா?"

"தின்னுட்டு இன்னும் கேக்குதுங்க."

அம்மா மறுபடியும் ஒரு சொட்டு எண்ணெயிலிருந்து ஆரம்பித்தார்.

பொங்கியண்ணன் எழுந்துபோய், மடியில் மிச்சம் இருந்த நொய்யைப் பாறையில் கொட்டினார். குருவிகள் வந்தன. அவர் திரும்பி வந்து கோழியை மடியில் வைத்துக்கொண்டார். நீவச் சொன்னபோது நீவினார். நிறுத்தச் சொன்னபோது நிறுத்தினார். நிறுத்திய நேரம்தான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. வேலையில்லாத கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

மத்தியானம் கோழி ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"பொழைக்குமுங்களா?"

"தெரியாதுங்கண்ணா."

அவர் நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருடத்தில் அவர் கேட்ட எத்தனையோ கேள்விக்கு அம்மா என்னென்னவோ சொல்லியிருக்கிறார். தெரியாது என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

"என்னுங்கம்மா, நீங்களே இப்படிச் சொன்னா? ஒண்ணும் தெரியாம, ஒண்ணும் செய்யாம, எப்படிங்க உக்காந்திருக்கிறது?"

அம்மா செய்துகொண்டிருந்த வேலையை வைத்துவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். கோழியைப் பார்த்தார்.

"இப்படித்தாங்கண்ணா."

அன்றைய பொழுது முழுவதும் இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். அவ்வப்போது எண்ணெய், அவ்வப்போது தண்ணீர், கொஞ்சம் நீவல். வேறொன்றும் நடக்கவில்லை.

அடுத்த நாள் விடிந்ததும் பொங்கியண்ணன் கோழியை மூடி வைத்திருந்த பஞ்சாரக் கூடையைத் தூக்கக் கை வராமல் நின்றார். அம்மாதான் தூக்கினார்.

கோழி எழுந்து நின்றுகொண்டிருந்தது. சுற்றிலும் எச்சம் போட்டு வைத்திருந்தது. எச்சத்தைப் பார்த்து ஒரு மனுஷன் இவ்வளவு சந்தோஷப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. அவர் குனிந்து தீனிப்பையைத் தொட்டார். காலிப் பை மாதிரி தொளதொளவென்று இருந்தது. கோழி அவர் விரலையே நறுக்கென்று கொத்தியது.

"பசிக்குதுங்கம்மா. அதுக்குப் பசிக்குது."

"இப்பக் குடுங்க. கொஞ்சமா, கொழையக் கொழைய."

அவர் பிசைந்த சோற்றை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். அலகைத் திறந்துவிட வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

அப்போது யாரோ பாறைப் படியில் தடி ஊன்றி ஏறி வருகிற சத்தம் கேட்டது.

பாவாயி.

பொங்கியண்ணன் ஓடினார். "நீ எதுக்கு வந்தே? எப்படி நடந்தே? கஞ்சி குடிச்சியா? யாரு ஊட்டுனா?"

"ஊட்டறதுக்கு யாருமில்லீங்க," என்றாள் பாவாயி. மூச்சு வாங்கிக்கொண்டாள். "அதனாலதான் கொஞ்சம் சும்மா படுத்திருந்தேன். நேத்து மத்தியானம் பார்த்தா வயிறு கிள்ளுது. என்னடா இதுன்னு யோசிச்சேன். அப்புறந்தான் தெரிஞ்சுது, பசி. எத்தனை காலமாச்சு அதைப் பார்த்து. எந்திரிச்சுப்போயி அடுப்பைப் பத்தவெச்சு ரசஞ்சோறு ஆக்கித் தின்னேன். இன்னைக்குக் காலையிலும் தின்னேன். உங்களைக் காணோமேன்னு வந்தேன்."

பொங்கியண்ணன் அவள் கையிலிருந்த தடியை வாங்கிக்கொண்டார். அவள் முகத்தைப் பார்த்தார். முகம் தெளிந்திருந்தது. அவர் கண்ணில் தண்ணீர் முட்டியது.

பாவாயி குனிந்து கோழியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். அது கழுத்தை நீட்டிச் சுற்றும் முற்றும் பார்த்தது.

பொங்கியண்ணன் அதைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் வாடியது.

"என்னுங்கண்ணா?" என்றார் அம்மா.

"இல்லீங்கம்மா. கோழி இப்படி எளைச்சுப்போச்சுங்களே. திருவிழாவுக்குள்ள தேறுமுங்களா? தேறுனாலும், கோயில்ல தண்ணி தெளிக்கும்போது துளுக்கலைன்னா? சாமி இதை வேண்டாம்னுட்டா? இவ வேற இத்தனை தூரம் வெயில்ல ஏறி வந்துட்டா. மறுபடியும் காய்ச்சல் கீய்ச்சல் வந்துச்சுன்னா..."

அம்மா உள்ளே போனார். ஒரு சொம்பில் சுனைத் தண்ணீர் கொண்டு வந்தார். அதில் கையை விட்டு அள்ளினார்.

பாவாயி கோழியை முன்னால் நீட்டினாள்.

அம்மா தண்ணீரைப் பொங்கியண்ணன் தலையில் தெளித்தார்.

ஐஸாய்க் குளிர்ந்த தண்ணீர். உச்சந்தலையில் விழுந்து கழுத்து வழியாக முதுகில் இறங்கியது. பொங்கியண்ணன் தலை முதல் கால்வரை சிலிர்த்துத் துளுக்கினார்.

அம்மா சொம்பைக் கீழே வைத்தார்.

"சாமி ஏத்துக்கிச்சுங்கக்கா," என்றார் பாவாயியிடம். "கோழியை வீட்டுக்குக் கொண்டு போங்க."