காலடிக்கு வந்த மேடு

பள்ளக்குப்பத்துக்கு அந்தப் பேர் சும்மா வரவில்லை. கடல் ஒரு பெருமூச்சு விட்டாலே போதும், ஊரில் அடுப்புக்குள் தண்ணி நிற்கும். உசரமான இடம் என்று இருந்தது ஊரோரத்து மணல்மேடு ஒன்றுதான்.

புயல் வருகிறது என்று ஒரு அதிகாரி வந்தார். மேட்டு உச்சியில் ஒரு பலகையை நட்டார். "வெள்ளம் வந்தா எல்லாரும் இந்தப் பலகைகிட்ட வந்து நில்லுங்க. நான் சொல்ற வரைக்கும் யாரும் நகரக் கூடாது." சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

ஊர் கூடியது. சிங்காரவேலு கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"எம் பொண்டாட்டி அஞ்சலாட்சிக்கு நிறைமாசம். வாசப்படி ஏறவே மூச்சு வாங்குது. மேடு எப்படி ஏறுவா?"

நாட்டாண்மை கலியபெருமாள் வெகுநேரம் யோசித்தார். "அவ மேட்டுக்குப் போக முடியாது, சரி. மேடு அவகிட்ட வரலாமில்ல? அதுக்கென்ன நிறைமாசமா?"

இதில் யாராலும் குத்தம் கண்டுபிடிக்க முடியவில்லை.

கூடை கூடையாக மணலை அள்ளி அஞ்சலாட்சி வீட்டுக்குள் கொட்டினார்கள். அவளைப் பாயோடு தூக்கித் தூக்கி மேலே வைத்தார்கள். மணல் கூரையைத் தொட்டதும் கூரையைக் கழற்றி மேலே வைத்தார்கள்.

"போதுமா தங்கச்சி?"

"இன்னும் ஒரு கூடை போட்டா நல்லாருக்கும்ண்ணே."

மேடு தீர்ந்து பள்ளமானது. பலகையை மட்டும் யாரும் தொடவில்லை. "கவர்மெண்டு சாமான், இடம் மாறக் கூடாது" என்று நாட்டாண்மை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சுற்றிலும் தோண்டத் தோண்ட, அது பாட்டுக்கு நேராகக் கீழே இறங்கியது.

வெள்ளம் வந்தது. ஊரே ஓடிப்போய்ப் பலகையைச் சுற்றி நின்றது. பள்ளத்தில் தண்ணி கழுத்துக்கு ஏறியது. அஞ்சலாட்சியின் அம்மா வேதவல்லி மட்டும் வெளியூர்க்காரி, அதனால் மகளோடு வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

அங்கிருந்து அவள் கத்தினாள். "மாப்ளே! அவளுக்கு வலி எடுத்துடுச்சு! ஏன் தண்ணிக்குள்ள நிக்கிறீங்க? இங்க வாங்க, சொட்டுத் தண்ணி இல்ல!"

"ஐயோ அத்தே, ஊருக்குள்ள வெள்ளம்! இங்கதான் பத்திரம்!" என்று சிங்காரவேலு வாயில் புகுந்த தண்ணியைத் துப்பினான். "அவளைப் பொறுத்துக்கச் சொல்லுங்க. வயித்துல இருக்கிறதுகிட்டயும் சொல்லிடுங்க, அதிகாரி சொல்ற வரைக்கும் நகரக் கூடாதுன்னு!"

கொஞ்ச நேரத்தில் குவா குவா என்று சத்தம் கேட்டது.

நாட்டாண்மை நாடியைத் தண்ணிக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு வருத்தத்தோடு சொன்னார்:

"சொன்ன பேச்சு கேக்காத புள்ள. இந்த ஊர்ல எப்படிப் பொழைக்கப் போகுதோ!"