மைனா பதமாக்கிய பிளிறல்

காட்டாற்றங்கரையில் ஒரு பாறைப் பொந்து. அதற்குள் செம்பி என்ற மான், புதிதாய்ப் பிறந்த குட்டியோடு ஒளிந்திருந்தது. ஆற்றில் அப்போது ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை. பொந்து பத்திரம்தான். ஆனால் வெளிச் சத்தம் எதுவும் உள்ளே எட்டாது. செம்பிக்கோ பொழுதே போகவில்லை!

அதனால் ஒரு மைனாவை ஏற்பாடு செய்துகொண்டது. மைனா காட்டைச் சுற்றி வரும். கேட்ட குரலையெல்லாம் அச்சு அசலாகப் பாடிக் காட்டும். கூலி, பொந்து வாசலில் விழும் அத்திப்பழம்.

முதல் நாளே செம்பி முகம் சுளித்தது. "குயிலுக்கு நடுவே அது என்ன 'டொக் டொக்'?"

"மரங்கொத்தி, அக்கா! பக்கத்து மரத்தில் கொத்திக்கொண்டிருந்தது."

"அதை எடுத்துவிடு. குயிலைக் கொஞ்சம் கூட்டு!"

வாசலில் கிழங்கு தின்றுகொண்டிருந்த முள்ளம்பன்றிக்குப் பொறுக்கவில்லை. "அதெப்படி? இரண்டையும் உள்ளபடி கேட்டால்தான் அது காடு!" என்று முள்ளைச் சிலிர்த்தது.

"கேட்கிறது என் காது. உமக்கெங்கே வலிக்கிறது?" என்றது செம்பி.

அதுவும் நியாயம்தானே! முள்ளம்பன்றி கிழங்கைக் கவ்விக்கொண்டு கிளம்பிவிட்டது.

அன்றிலிருந்து மைனா மரங்கொத்தியைக் கழித்தது. சில்வண்டைக் குறைத்தது. காக்கையைக்கூடக் குழைவாகக் கரைய வைத்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! செம்பி கண்ணை மூடிக் கேட்டது. குட்டியும் சுகமாகத் தூங்கியது. இதில் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

ஒருநாள் மலை உச்சியில் மழை கொட்டியது. மேலே நின்ற யானை காடே அதிரப் பிளிறியது. வெள்ளம் வந்தால் யானை அப்படித்தான் பிளிறும். அதைக் கேட்டதும் எல்லோரும் மேட்டுக்கு ஓடிவிடுவார்கள்.

மைனாவும் கேட்டது. 'இந்தக் கரகரப்போடு பாடினால் அக்காவுக்குக் கோபம் வரும். கொஞ்சம் பதமாக்கிப் பாடுவோம். அக்காவுக்குப் புரியாமலா போகும்!' என்று நினைத்துக்கொண்டது.

பதமாக்கிய பிளிறல் தாலாட்டுப் போல இருந்தது.

"அடடா, என்ன இதம்! இன்னொரு தடவை பாடு!" என்றது செம்பி.

மைனா பாடி முடிப்பதற்குள் பொந்துக்குள் செம்மண் தண்ணீர் புகுந்தது. குட்டி திடுக்கிட்டு எழுந்தது. மைனா பதறிப் பறந்து எழுந்தது. தொண்டை கிழிய, யானை பிளிறியது போலவே பிளிறியது!

"ஐயோ, வெள்ளமா!" செம்பி அலறிக்கொண்டு குட்டியை முகத்தால் முட்டித் தள்ளியது. தண்ணீர் கழுத்துவரை வந்துவிட்டது. இரண்டு தடவை குட்டி முழுகியது. எப்படியோ மேட்டில் ஏறி விழுந்தார்கள். குட்டி இருமி மூச்சுவிட்ட பிறகுதான் செம்பிக்கு உயிர் வந்தது.

"உங்களுக்குப் பிடித்த மாதிரிதானே பாடினேன், அக்கா!" என்று மைனா அழுதது.

"தப்பு என் மேலும்தான்," என்றது செம்பி. "குயிலை இனியும் என் இஷ்டப்படி பாடு, தம்பி. யானையை மட்டும் யானையாகவே பாடு!"

பாட்டை அவரவர் ருசிக்கு மாற்றிக் கேட்கலாம். எச்சரிக்கையை மட்டும் உள்ளது உள்ளபடியே கேட்க வேண்டும்.