புதன்கிழமை பத்து மணி

"புதன்கிழமை பத்து மணிக்கே ரெண்டு பாடத்தையும் வச்சா நான் எங்கே போவேன் மேடம்?" என்று கேட்டார் சவரிராயன்.

முதல்வர் இசக்கியம்மாள் சன்னலைத் திறந்தார். மலைமேல் இருந்த அந்தச் சட்டக் கல்லூரிக்குள் மேகம் சொந்த வீடுபோல வந்து போகும். இப்போதும் வந்தது. முதலில் மேசை மறைந்தது. பிறகு இசக்கி மேடம் மறைந்தார்.

"எந்த ரெண்டு?" என்றது மேகத்துக்குள்ளிருந்து குரல்.

"குறுக்கு விசாரணை. சமரசம்."

"ரெண்டும் எதுக்கு?"

சவரிராயனுக்கு நாற்பத்தாறு வயது. மேடம் அவரைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் அவர் முன்னால் நிற்கும்போது சவரிராயனின் கை தானாகக் கட்டிக்கொள்ளும்.

"எங்க அப்பா நடத்தின பேக்கரி கீழே டவுன்ல இருக்கு. அப்பா போனதும் நானும் அண்ணனும் ஷட்டர்ல ஆளுக்கொரு பூட்டுப் போட்டுட்டோம். அப்பா கடையைத் தன்கிட்டதான் குடுத்தாருன்னு அவன் சொல்றான். என்கிட்டதான் குடுத்தாருன்னு நான் சொல்றேன். தை மாசம் வாய்தா. எனக்கு வக்கீல் கிடையாது. நானே அவனைக் கூண்டுல ஏத்தி நாலு கேள்வி கேட்கணும். அதுக்குக் குறுக்கு விசாரணை."

"சமரசம்?"

சவரிராயன் கட்டிய கையை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

"ஒருவேளை அவர் இறங்கி வந்தா?"

'அவன்' 'அவர்' ஆனதைக் குறித்துக்கொண்டதுபோல மேகத்துக்குள் நாற்காலி ஒருமுறை கிரீச்சிட்டது.

"செவ்வாய் மத்தியானம் காலியா இருக்கு மேடம். வெள்ளி காலையும் காலி. டைம்டேபிள்ல ஒரு கட்டம் விடாம விரல் வச்சுப் பார்த்துட்டேன்."

"நானும் பார்த்தேன்" என்றார் இசக்கி மேடம்.

மேகம் கலைந்தபோது அறையில் பேச்சு முடிந்திருந்தது.

*

அந்தக் கல்லூரியில் விருப்பப் பாடத்துக்குப் படிவம் கிடையாது. மலை ஈரத்தில் காகிதம் அப்பளம்போல நமுத்துவிடும். மை ஓடிவிடும். அதனால் பதிவெல்லாம் வாயால்தான்.

முதல் வகுப்பன்று மாணவர் தன் பெயரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். அறைக்குள் அது கேட்க வேண்டும். உள்ளே இருக்கும் ஆசிரியர் அந்தப் பெயரைத் திருப்பிச் சொல்வார். அவ்வளவுதான். பெயர் அந்த அறையில் சேர்ந்துவிட்டது.

ஒரே மணிக்கு இரண்டு வாசலில் நிற்கக் கூடாது. மனம் மாறினால் மூன்றாவது புதன்கிழமை மணி அடிப்பதற்குள் அறை மாறலாம். அதற்குள் ஓர் அறையும் இல்லாதவருக்கு அந்த வருடம் போயிற்று.

இது சவரிராயனுக்குக் கடைசி வருடம்.

விதிகளை அவர் பலமுறை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தார். ஒருநாள் குளிக்கும்போது, சோப்புக் கையோடு அப்படியே நின்றுவிட்டார்.

பெயர் கேட்க வேண்டும் என்றுதான் விதி சொல்கிறது. வாசலில் நிற்க வேண்டும் என்று சொல்லவில்லையே.

*

முதல் புதன்கிழமை. குறுக்கு விசாரணை அறையும் சமரச அறையும் தாழ்வாரத்துக்கு இடதும் வலதுமாக எதிரெதிரே இருந்தன. சவரிராயன் நடுத் தாழ்வாரத்தில் போய் நின்றார்.

சட்டம் படிக்க வருமுன் விடியற்காலையில் மலைப்பாதை நெடுக சைக்கிளில் ரொட்டி கூவி விற்றவர் அவர். அந்தக் குரலை எடுத்தார்.

"சவரிராயேன்!"

இடது அறையிலிருந்து, "சவரிராயன்" என்று திருப்பிச் சொன்னார்கள்.

வலது அறையிலிருந்தும், "சவரிராயன்" என்று திருப்பிச் சொன்னார்கள்.

இரண்டு அறையிலும் சிரிப்பு.

"அண்ணாச்சி, பன் எத்தனைக்கு?" என்று ஒரு பெண் உள்ளிருந்தே கேட்டாள்.

இசக்கி மேடம் தாழ்வாரத்தில் வந்துகொண்டிருந்தார். சவரிராயன் நிமிர்ந்து நின்றார்.

"நான் எந்த வாசல்லயும் நிக்கலை மேடம். ரெண்டு ரூம்லயும் பேர் கேட்டுச்சு. விதி அவ்வளவுதான் கேட்குது."

இசக்கி மேடம் இடது வாசலைப் பார்த்தார். வலது வாசலைப் பார்த்தார். சவரிராயனின் காலைப் பார்த்தார்.

"நல்ல வாதம்" என்றார்.

திரும்பிப் போனார். சவரிராயனுக்குச் சந்தோஷத்தில் மூக்கு அடைத்துக்கொண்டது.

மேடம் ஒரு முக்காலியோடு திரும்பி வந்தார். தாழ்வாரத்தின் நடுவில் வைத்தார். இரண்டடி தள்ளி நின்று பார்த்தார். மறுபடி வந்து ஒரு விரற்கடை இடதுபக்கம் நகர்த்தினார்.

"உட்காருங்க."

"இது என்ன மேடம்?"

"உங்க வகுப்பு."

*

இடது வாசலிலிருந்து இளம் குரல் ஒன்று கத்திபோல வரும். "ஆமா, இல்லை. ரெண்டுல ஒண்ணு. விளக்கம் கேட்கலை."

வலது வாசலிலிருந்து கரகரத்த கிழக் குரல் ஒன்று வரும். அதற்கு அவசரமே கிடையாது. நெடுநேரம் ஒன்றும் கேட்காது. பிறகு, "அப்புறம்?" என்று மட்டும் கேட்கும்.

மேகம் தாழ்வாரத்தில் நடமாடும். இடது வாசலை அது மூடும்போது வலது தெரியும். வலதை மூடும்போது இடது. இரண்டையும் மூடிவிட்டால் சவரிராயனுக்கு, முக்காலி தரையில்தான் இருக்கிறதா என்று சந்தேகம் வரும். காலை நீட்டித் தடவிப் பார்ப்பார்.

கல்லூரி டீக்கடையில் அவர் கேட்டார்: "மாஸ்டர், சர்க்கரை போட்டாச்சா? ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லுங்க."

"பாதி போட்டிருக்கேன் அண்ணாச்சி."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, நீங்க பேச்சை நிறுத்துனா மீதியைப் போடுவேன்."

*

இரண்டாவது புதன்கிழமை முடிந்ததும் மேடத்தின் அறைக்குப் போனார்.

"ரெண்டும் பாதிப் பாதிதான் விளங்குது மேடம்."

"எந்தப் பாதி?"

சவரிராயன் யோசித்தார். மேடம் காத்திருந்தார். சன்னல் வழியாக மேகம் வந்தது. அது போனபோது நாற்காலி காலியாக இருந்தது. சவரிராயன் காலி நாற்காலியிடம் வணக்கம் சொல்லிவிட்டு வந்தார்.

*

மூன்றாவது புதன்கிழமை மேகம் தரையிலிருந்தே எழுந்ததுபோல இருந்தது.

முக்காலியில் உட்கார்ந்திருந்த சவரிராயனுக்கு முதலில் ஓர் இருமல் கேட்டது. பிறகு மூச்சிழுக்கும் சீழ்க்கை. மாவுத் தூசியில் காலமெல்லாம் நின்றவர்களுக்கு வரும் சீழ்க்கை அது. அந்த மூச்சை அவர் சிறுவயதிலிருந்தே ஒரே பாயில் பக்கத்தில் படுத்துக் கேட்டிருக்கிறார்.

மேகத்திலிருந்து ஒரு துண்டு வந்தது. பிறகு துண்டைத் தோளில் போட்டிருந்த மரியநாதன் வந்தார்.

சவரிராயன் எழுந்துவிட்டார். எழ வேண்டும் என்று நினைக்கவில்லை. அண்ணன் மூச்சு வாங்குவதைக் கண்டதும் உடம்பு எழுந்துவிட்டது.

மரியநாதன் முக்காலியில் உட்கார்ந்தார். நெஞ்சைத் தேய்த்தார். சுற்றிலும் பார்த்தார்.

"என்னல, உள்ளே இடம் தரலையா உனக்கு?"

"இது ஒரு தனி வகுப்பு."

"கிளி ஜோசியக்காரனுக்குக் கூட நிழல்ல இடம் தருவாங்க. நீ நடு வழியில இருக்க."

"எதுக்கு வந்தீங்க?"

மரியநாதன் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"கடைக்குள்ள புளிச்ச வாசம் வருதுன்னு தெருவே சொல்லுது. அப்பா கடைசியா ஊற வச்ச மாவு உள்ளேயே இருக்குல்லா? அது இன்னும் பொங்கிக்கிட்டு இருக்குன்னு பேசிக்கிடுதாங்க. நானும் போய்ப் பார்த்தேன். ஷட்டர் வெளியே பிதுங்கி நிக்குது. உண்மையாத்தான் சொல்றேன். கையை வச்சுப் பார்த்தேன், இளஞ்சூடா இருந்துச்சு."

"அதுக்கு?"

"என் சாவி இந்தா இருக்கு. ஒரு சாவிய வச்சு நான் என்ன செய்ய?"

இடது வாசலிலிருந்து குரல் வந்தது. "ஆமா, இல்லை. ரெண்டுல ஒண்ணு."

சவரிராயன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். தை மாதம் வரை காத்திருப்பானேன்? சாட்சி இங்கேயே உட்கார்ந்திருக்கிறார். குரலை மாற்றிக்கொண்டார்.

"ஒரே ஒரு கேள்வி. அப்பா சாகும்போது கடையை உங்களிடம்தான் ஒப்படைத்தாரா? ஆமா, இல்லை."

மரியநாதன் தலை குனிந்தார். துண்டின் நுனியை முறுக்கினார்.

"விளக்கம் கேட்கலை. ஆமாவா? இல்லையா?"

"ஆமான்னா பொய்யி" என்றார் மரியநாதன். "இல்லைன்னாலும் பொய்யிதான்."

"அப்படி ஒரு பதில் கிடையாது."

"எனக்கு அதுதாம்ல இருக்கு."

மேகம் அசைந்தது. இடது வாசல் மெல்ல மூழ்கியது. கத்திபோன்ற குரல் பஞ்சில் பொதிந்ததுபோலத் தேய்ந்து நின்றது. வலது வாசலும் முழுதாகத் தெரியவில்லை. அங்கே யாரும் பேசவும் இல்லை.

நெடுநேரம் அப்படியே இருந்தது.

"அப்புறம்?" என்று ஒரு குரல் கேட்டது.

கிழக் குரல் இல்லை. தன்னுடைய குரல்தான் என்று சவரிராயனுக்குப் பிறகுதான் தெரிந்தது.

மரியநாதன் அவரை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை நாளில் அவரிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. வக்கீல் கேட்கவில்லை. பெண்டாட்டிகூடக் கேட்கவில்லை.

"அப்பாவுக்கு அன்னைக்கு விடியும்போதே கண்ணு தெரியலை" என்றார். "நீ இங்க பரீட்சை எழுதிக்கிட்டு இருந்த. நான்தான் கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். அவரு என் கையைத் தடவிப் பார்த்துட்டு, 'சவரிராயா' அப்படின்னாரு."

சவரிராயன் அண்ணனின் அந்தக் கையைப் பார்த்தார்.

"அப்புறம்?"

"நான் மரியநாதன்ப்பான்னு சொல்லியிருக்கணும். வாய் வரலை. நீ வரலைன்னு தெரிஞ்சா மனசு உடைஞ்சு போகுமேன்னு... 'இருக்கேன்ப்பா'ன்னுட்டேன்."

"அப்புறம்?"

"'சவரிராயா, கடையைப் பார்த்துக்கோ'ன்னாரு. சரிப்பான்னேன். கையை விடவே இல்லை. அப்படியே போயிட்டாரு."

தாழ்வாரத்தில் எங்கோ தண்ணீர் சொட்டியது.

"கை என்னோடது. பேர் உன்னோடது" என்றார் மரியநாதன். "கடை யாருக்குல? நீதான் சட்டம் படிக்கிறியே, சொல்லு."

சவரிராயன் இடது வாசல் இருந்த பக்கம் பார்த்தார். மேகம். வலது வாசல் இருந்த பக்கம் பார்த்தார். மேகம். படித்த பிரிவு எல்லாவற்றையும் மனத்துக்குள் ஓட்டினார். எந்தப் பிரிவிலும் அந்தக் கை இல்லை.

காலடி ஓசை கேட்டது. இசக்கி மேடம் வந்து நின்றார். தாழ்வாரத்து மணியின் கயிறு அவர் கையில் இருந்தது.

"மணி அடிக்கப்போறேன்" என்றார். "உங்க பேர் எந்த அறையில?"

சவரிராயன் முக்காலியைப் பார்த்தார். அதில் அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

"என் வகுப்புல இடமில்லை மேடம்."

"தெரியுது."

"செவ்வாய் மத்தியானம் காலியாத்தான் இருந்துச்சு" என்றார் சவரிராயன். இந்த முறை அது புகார்போல ஒலிக்கவில்லை.

இசக்கி மேடம் கயிற்றை விரலில் ஒரு சுற்றுச் சுற்றினார்.

சவரிராயன் கையை முன்னால் நீட்டி மேகத்துக்குள் நடந்தார். வலது பக்கத்தில் நிலைப்படி கையில் தட்டியது. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரொட்டி கூவுகிற குரல் இப்போது வரவில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோலத்தான் வந்தது.

"சவரிராயன்."

உள்ளே யாரோ ஒருவர் மெல்ல நகர்ந்து உட்காரும் சத்தம். பிறகு, எந்த அவசரமும் இல்லாமல், அந்தக் கரகரத்த கிழக் குரல் மேகத்துக்குள்ளிருந்து வந்தது.

"சவரிராயா."

"இருக்கேன்ப்பா" என்றார், முக்காலியில் இருந்த மரியநாதன்.