ஓடும் காரும் ஓடாத காரும்

காட்டோரக் குளத்துக்கரையில் ஒரு பங்களா. அதன் முற்றத்தில் இரண்டு கார்கள் நின்றன. ஒன்று அந்தக் காலத்துப் பெரிய கறுப்புக் கார். வருஷக்கணக்காக நின்ற இடத்தை விட்டு அசைந்ததில்லை. மற்றது அன்றைக்குத்தான் விருந்தாளியோடு வந்த புதுச் சின்னக் கார்.

ஓர் அணில் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது. காலையில் அடித்த காற்றில் அதன் கூடு இருந்த கிளை முறிந்துவிட்டது. கண் திறக்காத இரண்டு குட்டிகள் புல்லில் கிடந்தன. மழை வேறு இருட்டிக்கொண்டு வந்தது. எந்தக் காருக்குள் குட்டிகளை வைப்பது? பாவம், அதற்குத் தலை சுற்றியது.

பழைய கார்தான் நல்லது, தகரம் தடிமன் என்றது குளத்து ஆமை. ஆமைக்குத் தன் ஓட்டை விட்டால் வேறென்ன தெரியும்? பழைய காரின் ஹாரன் பிரமாதம் என்றது குரங்கு. உடனே, புதுக் காரின் கண்ணாடியில்தான் முகம் அழகாகத் தெரிகிறது என்றும் சொன்னது. அணில் பழைய காரில் ஏறியது, இறங்கியது, சின்னக் காருக்கு ஓடியது, திரும்பி வந்தது. கடைசியில் யார் எதைச் சொன்னார்கள் என்பதே அதற்கு மறந்துபோயிற்று.

அப்போது முயல் வந்தது.

"இதுக்கா இவ்வளவு குழப்பம்? எது ஓடும் அக்கா?"

"சின்னதுதான் ஓடும். பெருசு ஓடாது."

"ஓடாததெல்லாம் ஒரு வண்டியா? சின்னதுலயே வை!"

அணிலுக்கும் அது சரியென்று பட்டது. பங்களாவுக்கு வருகிறவர்களும் பழைய காரைப் பார்த்து, "இது ஓடுமா?" என்றுதானே உதட்டைப் பிதுக்குகிறார்கள்? குட்டிகளைக் கவ்விக்கொண்டு போய்ச் சின்னக் காரின் எஞ்சின் சந்தில் வைத்தது. அங்கே கதகதப்பாக இருந்தது. நிம்மதியாகத் தேங்காய் நார் பொறுக்கப் போனது.

திரும்பி வரும்போது கார் உறுமியது. அணிலின் வாயிலிருந்து நார் விழுந்தது. கார் நகர, அணில் கதறிக்கொண்டே பின்னால் ஓடியது. நல்லவேளை, வெளிக்கதவு சாத்தியிருந்தது. விருந்தாளி இறங்கிக் கதவைத் திறப்பதற்குள் அணில் எஞ்சினுக்குள் பாய்ந்து ஒரு குட்டியை எடுத்து வந்தது. மறுபடியும் பாய்ந்தது. கார் கிளம்பும் நேரத்தில் இரண்டாவது குட்டியோடு கீழே குதித்தது. அதன் வால் நுனி கருகியிருந்தது.

முயல் மட்டும் சாலையையே பார்த்துக்கொண்டு நின்றது. "பாத்தியா அக்கா, என்ன ஓட்டம்!"

அணிலுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "நான் வண்டியா தேடினேன்? வீடு தேடினேன். வீடு ஓடிப்போனா என் பிள்ளைங்க கதி என்ன?"

முதல் தூறல் விழுந்தது. அணில் குட்டிகளைப் பழைய காரின் கிழிந்த மெத்தைக்குள் கொண்டுபோய் வைத்தது. தகரம் தடிமன் என்று அப்போதே சொன்னேனே என்று ஆமை பெருமைப்பட்டது. ஓடாத காருக்குள் குட்டிகள் தூங்கிவிட்டன.

எது உசத்தி என்று ஊரைக் கேட்கும் முன், எதற்காக வேண்டும் என்று உன்னையே கேட்டுக்கொள்.